நெடிது நின்ற அறமும் அதனைப் போற்றும் முறையும்

ஓர் ஊரின்கண் ஓர் அறநிலையம் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு எனக் குறைவின்றி நடைபெற்று வருமாயின், ஊரார் ஒருங்கு கூடி அதற்கு விழா எடுத்தல் உலக வழக்கு. தோரணம் நாட்டுவர், நிறுவினார் படத்திற்கு மாலை சூட்டுவர், பொருளுதவினார் பெயரைக் கல்லில் வெட்டுவிப்பர், சொல்வல்லார் பலர் மேடையேறி அந்நிலையத்தின் தொன்மையை விரித்துரைப்பர். இவையெல்லாம் நன்றே. ஆயினும், விழா முடிந்து விளக்குகள் அவிந்த பின்னர், அறநெறி ஆராய்வார் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அன்று போற்றப்பட்டது யாது? ஓர் அறம் நெடுங்காலம் நிற்றல் அவ்வறத்திற்குப் பெருமையாமோ, அன்றி அவ்வூர்க்குச் சிறுமையாமோ? இவ்வினாவை எளிதென்று தள்ளிவிடுதல் சாலாது. என்னை? பசித்தார்க்குச் சோறிடுஞ் சாலையொன்று 150 ஆண்டு நிற்குமாயின், அந்த 150 ஆண்டும் அவ்விடத்துப் பசி ஒழிந்திலது என்பதும் உடன் பெறப்படும் அன்றோ? பசி நிலைத்தமைக்கு விழா எடுப்பாரும் உளரோ?

இதனைப் பொதுவகையான் ஆராய்தலினும், யாவரும் அறிந்த ஓர் அறநிலையத்தைக் கண்முன் நிறுத்தி ஆராய்தல் தெளிவு பயக்கும். வடலூரிலுள்ள சத்திய தருமச்சாலையை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். 1823ஆம் ஆண்டு மருதூரிற் பிறந்து, சென்னையில் நெடுநாள் வதிந்து, பின்னர்க் கருங்குழியில் வந்து தங்கிய இராமலிங்க அடிகளார், 1867ஆம் ஆண்டு மேத் திங்கள் 23ஆம் நாள் அச்சாலையைத் தொடங்கி வைத்தார். அதன்பொருட்டுப் பார்வதிபுரத்து ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை விலை பெறாமலே வழங்கினர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அவியாமல் எரிந்து வருகின்றது என்பது அவ்விடத்து மரபு; அதனாலேயே அதற்கு அணையா அடுப்பு என்னும் பெயர் வழங்குவதாயிற்று. வருவார் இன்ன சாதியினர், இன்ன சமயத்தினர், இன்ன ஊரினர் என வினவுதல் அங்கு இல்லை. பசி ஒன்றே அங்கு வேண்டப்படுந் தகுதி.

அடிகளார் பாடல்கள் பற்றிச் சைவருள்ளே எழுந்த நெடிய வழக்கை நம் வாசகர் நன்கு அறிவர். அவ்வழக்கு ஈண்டு எமக்கு வேண்டுவதன்று. பசித்து வந்து இலைமுன் அமர்ந்தவன் அவ்வழக்கை அறியான். அறிந்தானாயினும் சோறு வருமுன் அதனை நினையான். அடுப்பைப் பற்றியே யாம் பேசுகின்றோம்.

இனி, நெடிது நிற்றல் இழுக்கே என்பார் கூறுந் தடையை அவர் கருத்துக் குறையாமல் முதற்கண் எடுத்துரைப்பாம். அறத்தின் பயன் துயர் நீக்கம். துயர் நீங்கியவழி அவ்வறத்திற்கு வேலையில்லை. ஒரு மருத்துவன் ஒரே நோயாளிக்கு ஒரே நோயின்பொருட்டு நாற்பது ஆண்டு மருந்து கொடுத்து வந்தானாயின், அவன் மருத்துவத்தை யாரும் மெச்சார். அதுபோல, ஓயாது நடக்கும் அறம் தன் பயனை எய்தாத அறமேயாம். அதன் அகவையை எண்ணி மகிழ்தல் அறியாமை. இதுவே அவர் கூற்று.

இக்கூற்றில் மெய்யும் உண்டு, மயக்கமும் உண்டு. மயக்கம் எங்கே உளதென்னின், பஞ்சத்தையும் பசியையும் ஒன்றென்று கொண்டமையில் உளது. பஞ்சம் காலத்தான் வருவது. மழை பொய்த்தலானும், போரானும், அரசு நெறிபிறழ்தலானும் விளைவது. தக்க முயற்சியாற் போக்கத்தக்கது. பசியோ உடம்பொடு உடன்தோன்றியது. காலையில் உண்டவன் மாலையிற் பசிக்கின்றான். இன்று உண்டவன் நாளையும் பசிக்கின்றான். பஞ்சந் தீர்க்கும் அறத்திற்கு முடிவு உண்டு. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்த காலத்து ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தமையைப் பெரியபுராணத்தில் ஓதுகின்றோம். மழை பெய்து நாடு செழித்தபின் அவர்கள் அவ்விடம் விட்டுப் பிற தலங்கட்கு எழுந்தருளினர். அவ்வறம் நெடிது நின்றிலது. நில்லாமையே அதற்கு நிறைவு.

பசி தீர்க்கும் அறமோ அத்தன்மைத்தன்று. மழை பெய்து நெல் விளைந்த ஆண்டிலும், பேணுவாரின்றி முதுமை எய்தியோர் உளர். கைப்பொருள் இழந்த வழிப்போக்கர் உளர். சித்தந் திரிந்து ஊர்தோறும் அலைவார் உளர். வீட்டை விட்டு வெளிப்போந்த துறவியரும் உளர். நாடு எத்துணைச் செல்வம் உற்றதாயினும் இவர்கள் ஒருங்கே இல்லையாய்விட மாட்டார். ஆகவே அவர்பொருட்டு ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருத்தல் அறத்தின் தோல்வியன்று. உடம்பின் இயல்பு உணர்ந்தார் செய்த ஏற்பாடு. மருத்துவன் உவமை ஈண்டுப் பொருந்தாது. தாய் உவமையே பொருந்தும். நாடோறும் சோறு சமைக்கின்றாளாதலின் அவள் சமையல் பயனற்றது என்று எந்த மகனும் சொல்லான்.

ஆயினும் அத்தடையிலுள்ள மெய்யை யாம் மறைத்தல் ஆகாது. நீக்கத்தக்க வறுமையை நீக்காது விட்டு, அதற்கு ஈடாகக் கஞ்சி வார்த்து அமைதியுறும் ஊர்களும் உள. உழைத்தவனுக்கு உரிய கூலியைக் குறைத்துக் கொடுத்து, அவ்வாறு மிச்சப்படுத்திய பொருளிலிருந்து ஆண்டிற்கொருமுறை அன்னதானஞ் செய்பவன் அறஞ் செய்தானல்லன்; தான் பட்ட கடனைத் தீர்க்காது, அக்கடனில் ஒரு கூற்றைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு ஈகை என்று பெயரிட்டவனாவான். நீதியால் இறுக்க வேண்டுவதனைக் கருணையால் இறுப்பதாகக் காட்டுதல் கருணைக்கும் இழுக்கு. ஆதலின், ஒரு சாலையின் முன்னே வரிசை ஆண்டுதோறும் நீளுமாயின், ஊரார் சாலையைப் புகழ்வதோடு நில்லாது, வரிசை நீண்டமைக்குக் காரணம் யாதெனத் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இவ்விடத்து நினையத்தக்கது. மதுரையில் ஐயமேற்று, குருடர் முடவர் முதலியோரை ஊட்டி, எஞ்சியதனைத் தான் உண்டு வாழ்ந்த அவனுக்குச் சிந்தாதேவி அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். அவன் ஈகையாற் பாண்டுகம்பளம் நடுங்க, இந்திரன் வந்து வரம் தருவல் என்றான். அவன் அதனை வேண்டாது இகழ்ந்தான். சினந்த இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளமுறச் செய்தான். உண்பாரைக் காணாது ஆபுத்திரன் ஊரூராகத் திரிந்தான். இறுதியில் ஆளில்லாத மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டு, கோமுகிப் பொய்கையிற் பாத்திரத்தை இட்டு உண்ணாது உயிர் நீத்தான்.

இவ்வரலாறு கொடையாளர் யாவர்க்கும் ஓர் எச்சரிக்கை. நாடு செழித்தது என்று கேட்டவிடத்து ஈவான் உள்ளம் மகிழ வேண்டுமன்றோ? அவனோ துயருற்றான். தன்னலங் கருதாத அத்தூயோனுக்கும் ஈதலாகிய செயலின்மேல் ஒரு பற்று நின்றது போலும்! கொடுத்துப் பழகிய கை, கொள்வாரை வேண்டி நிற்கும். அறநிலையங்கட்கும் இவ்விடர் உண்டு. துயரைப் போக்குதற்கு எழுந்த நிலையம், நாளடைவில், தான் நிலைபெறுதற்காகத் துயர் வேண்டும் என்று எண்ணத் தலைப்படும். அவ்வெண்ணம் புகுந்தவழி அதன் அகவை எத்துணையாயினும் அஃது அறத்தின் அகவை ஆகாது. ஒரு கட்டடத்தின் அகவையாகவே முடியும்.

இவ்விடர்க்குத் தப்பிய அறம் எத்தகையது என்பதற்குச் சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு உளது. ஐதரலியின் படையெடுப்பானும் பஞ்சத்தானும் நாட்டுப்புறங்களிலிருந்து மக்கள் நகரை நாடி வந்த காலத்து, 1782ஆம் ஆண்டு, வடசென்னையிற் கஞ்சி வார்க்கும் சாவடியொன்று தோன்றிற்று. ஊர் மணியக்காரர் ஒருவர் தொடர்பால் அது மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. வந்தவருள் நோயுற்றார் பலராதலின், கஞ்சியோடு மருந்தும் வேண்டுவதாயிற்று. 1799ஆம் ஆண்டளவில் அதனருகே மருத்துவமனை எழுந்தது. 1910இல் அம்மருத்துவமனையை அரசினர் ஏற்று நடத்தினர். மருத்துவர்களைப் பயிற்றும் பள்ளியும் அங்கு அமைந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. சத்திரமும் முதியோர் உறையும் இல்லமாயிற்று. பசித்தவனைத் தேடிப் புறப்பட்ட அறம், அவன் நோயாளியாய் நின்றவிடத்து மருந்தாகவும், முதியவனாய் நின்றவிடத்து உறைவிடமாகவும் தன்னை மாற்றிக்கொண்டது. தன் வடிவைப் பற்றி நில்லாது தேவையைப் பின்பற்றிச் சென்றமையின் அது நெடிது வாழ்ந்தது. வடலூர் அடுப்போ வடிவு மாறாது நின்றது. ஏனெனின், அது மேற்கொண்ட பசி வடிவு மாறுவதன்று. இரண்டும் ஒரே நெறியின. இரண்டிலும் கொள்வான் குறையே கொடுப்பான் செயலை அளந்தது.

இரண்டாவது தடை புகழைப் பற்றியது. பயன் கருதாது செய்வதே அறமாயின், விழா எடுத்தலும் பெயர் பொறித்தலும் அவ்வறத்தைக் கெடுக்குமன்றோ என்பர். திங்களூர் அப்பூதியடிகள் வரலாறு இதற்கு விடையாகும். அவர் தண்ணீர்ப்பந்தர் முதலிய அறங்கள் பல செய்தார். அவற்றுள் ஒன்றினும் தம் பெயரை எழுதினாரல்லர். தாம் அதுகாறுங் கண்டும் அறியாத திருநாவுக்கரசர் பெயரையே எங்கும் எழுதினார். வெயிலில் வந்த அரசு, தம் பெயரைப் பந்தரிற் கண்டு வியந்து, நும் பெயரிருக்க வேறொரு பேர் எழுதியது என்னையென வினவினார். அடிகள் வெகுண்டார். பெயர் பொறித்தல் குற்றமன்று; எவர் பெயர் என்பதே வினா. தன்னை மறைத்தற்குப் பெயர் எழுதுவாரும் உளர். தன்னைக் காட்டுதற்குப் பெயர் எழுதுவாரும் உளர்.

சென்னை மக்கள் இதனை நூல் ஓதாமலே உணர்ந்தனர் என்னலாம். ஆளுநர் பெயர் பெற்ற அம்மருத்துவமனையை அவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுநாள் வழங்கினர். மணியக்காரர் என்பது ஒரு பதவியின் பெயர்; மக்கள் வழக்கில் அப்பதவியே நின்றது. ஆளுநர் பெயர் பலகையில் நின்றது. மக்கள் நாவில் நின்றதோ கஞ்சி வார்த்த தொட்டியின் பெயர். கொடுத்தவனை மறந்தும் கொடுத்த பொருளை மறவாத அந்நன்றியே நன்றியுட் சிறந்தது என்று யாம் கருதுகின்றோம். கொடுத்தானும் மெய்யறிவுடையனாயின் அதனையே விரும்புவான்.

மூன்றாவது தடை, இலவசச் சோறு மக்களைச் சோம்பராக்கும். கொள்வானைத் தாழ்த்தும் என்பது. இதற்கு யாம் விடை நூலிலிருந்து கூறாது, எமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுதும். யாம் சில யாண்டுகட்கு முன் வடலூர் சென்றகாலை, உடன் வந்தார் எம்மையும் சாலையில் உண்ணுமாறு அழைத்தனர். எமக்குப் பசி இருந்தது. கையிற் பொருளும் இருந்தது. ஆயினும் அவ்வரிசையில் அமர்தற்கு எம் கால் எழவில்லை. யாது காரணமென எம்மை யாமே வினவிய பொழுது வெளிப்பட்ட விடை எம்மை நாணச் செய்தது. எளியார்க்கு வைத்த சோற்றை உண்ணலாகாது என்னும் நல்லெண்ணம் அன்று எம்மைத் தடுத்தது. எளியாருள் ஒருவராக எம்மை எவரேனும் காண்பரே என்னும் அச்சமே தடுத்தது. ஒருவாறு அமர்ந்தேம். ஒருபுறம் கிழிந்த துணியுடுத்த முதியவர். மறுபுறம் பூசைக்கு வந்த வணிகர். பரிமாறியவர் மூவரையும் ஒரே நோக்கால் நோக்கி, ஒரே அகப்பையால் இட்டுச் சென்றார். எவரும் எம்மை வினவவில்லை. எவரும் எமக்கு அறிவுரை கூறவில்லை.

அன்று யாம் உணர்ந்தது இது. கொள்வானைத் தாழ்த்துவது சோறன்று. சோற்றோடு சேர்த்து இடப்படும் வினாவும் நோக்குமே தாழ்த்துவன. நீ யார், ஏன் உழைத்திலை, நாளையும் வருவையோ என்று கேட்டு இடும் சோறு விலையின்றி இட்டதன்று. மானத்தை விலையாகப் பெற்றே இடப்பட்டது. சோம்பரைப் பற்றி அஞ்சுவார்க்கும் ஒன்று கூறுவாம். நூற்றுவருள் ஒருவன் சோம்பியுண்பான் என்று அஞ்சி அடுப்பை அவித்தால், எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மரும் பட்டினி கிடப்பர். ஒருவன் பிழையைத் தண்டித்தற்குப் பலர் வயிற்றை வருத்துதல் எந்த நீதிநூலுக்கும் உடன்பாடன்று.

இனி, முதற்கண் எழுப்பிய வினாவிற்கு வருவாம். நெடிது நின்ற அறத்தில் யாம் போற்றுவது யாது? நிறுவினாரையே என்று கூறின் அது முழுவதும் பொருந்தாது. அடிகளார் 1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மேட்டுக்குப்பத்திலே அறையினுட் புகுந்து உலகினர் கண்ணுக்கு மறைந்தனர். சாலை தொடங்கிய பின் அவர் உடனிருந்தது ஏழாண்டும் நிரம்பாத காலமே. தென்னாட்டை வருத்திய 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் அவர் மறைந்த பின்னரே வந்தது. 150 ஆண்டு என்பது 54,000க்கு மேற்பட்ட விடியல்கள். அவ்விடியல்களிற் பெரும்பாலானவற்றில் அடுப்பின்முன் நின்றவர் அடிகளார் அல்லர். பெயர் அறியப்படாத யாரோ ஒருவர். நள்ளிரவில் எழுந்து விறகு தள்ளியவர், மழைநாளில் ஈர விறகோடு போராடிப் புகையாற் கண் சிவந்தவர், தம் களத்து நெல்லில் ஒரு மூட்டையை வண்டியேற்றி அனுப்பிய உழவர், காய் அரிந்த மகளிர், எச்சில் இலை எடுத்தவர், இவர்களுள் எவர்க்கும் படமில்லை, மாலையில்லை.

அன்று எரிந்த விறகு அன்றே சாம்பராயிற்று. அன்று விறகிட்ட கையும் சாம்பராயிற்று. உண்டவரும் இலர். எல்லாம் மாறிய பின்னும் தீ ஒன்றே என்கின்றோம். எதனால் ஒன்று? ஒரு கையிலிருந்து மறுகைக்கு இடையறாது ஒப்புவிக்கப்பட்டமையால் ஒன்று. இவ்வொப்புவித்தலே அறநிலையத்தின் உயிர். கட்டடமும் நிலமும் பொருளும் அதற்கு உடம்பு.

சித்தாந்தங் கற்றார்க்கு இதனுள் ஒரு நுட்பம் புலனாகும். நாம் செய்யும் வினைகளை நமக்குத் தளையாக்குவது யான் செய்தேன், எனது செயல் என்னும் பற்று. நல்வினையும் அப்பற்றோடு செய்யப்படுமாயிற் பொன் விலங்கேயாம். ஒருவன் ஒருநாளிற் செய்து முடிக்கும் கொடையில் அப்பற்று எளிதிற் புகும். தொடக்கமும் முடிவும் அவன் கையிலே உள்ளனவன்றோ? நெடிது நிற்கும் அறத்திலோ, தொடங்கினார் முடிவைக் கண்டிலர். இன்று நடத்துவார் தொடக்கத்தைச் செய்திலர். நாளை நடத்துவார் இன்னும் பிறந்திலர். யான் செய்தேன் என்று முழுவுரிமையோடு சொல்லத்தக்கார் அதன்கண் ஒருவரும் இலர். காலம் அச்செயலினின்று செய்வான் பெயரைத் தேய்த்துத் தேய்த்துச் செயலை மட்டும் எஞ்ச விடுகின்றது. பல்லாண்டு தவத்தால் ஒருவன் அரிதிற் பெறும் அத்தன்மை, ஊரார் பலர் கூடிச் செய்யும் அறத்திற்குத் தானே வாய்க்கின்றது. நெடிது நிற்றலின் பெருமை இதுவே என்பது எம் துணிபு. ஆண்டுகளின் தொகை பெருமையன்று. அத்தொகையால் 'எனது' என்பது எரிந்தொழிந்தமையே பெருமை.

இஃது உண்மையாயின், அத்தகைய அறத்தைப் போற்றும் முறையும் இதனால் விளங்கும். யாரும் எனது என்னாத செயலுக்கு மாலை சூட்டுதற்கு ஒரு கழுத்து இல்லை. ஆகவே அதனைப் போற்றுதலாவது, அதன் வரிசையிற் புகுந்து நிற்றலே. ஒரு நாளையேனும் நம் நாளாக ஏற்று அடுப்பிற்கு விறகிடுதல். பொருள் உடையார் பொருளும், பொழுது உடையார் பொழுதும் கொடுத்தல். வரவு செலவுக் கணக்கை அஞ்சாது கேட்டலும், கேட்டார்க்கு முகங்கோணாது காட்டலும். வாயிலில் எவரேனும் விலக்கப்படுகின்றனரா, நோக்கால் எவரேனும் தாழ்த்தப்படுகின்றனரா என்று பார்த்தல். சாலைக்கு வர இயலாது வீட்டின் மூலையிற் கிடக்கும் முதியோரை நாடிச் சோற்றைக் கொண்டு செல்லுதல். இவையே மெய்யான விழா. இவற்றோடு ஒருநாட் கூட்டமும் சொற்பொழிவும் நிகழ்வதிற் குற்றமில்லை. இவையின்றி அவை மட்டும் நிகழ்வதே குற்றம்.

நம் வாசகர் வாழும் ஊர்களிலும் இத்தகைய அறங்கள் இருத்தல் கூடும். எவரோ தோண்டிய குளம், எவரோ வைத்த தண்ணீர்ப்பந்தர், ஏழைப் பிள்ளைகட்கு நாலுவீட்டார் கூடி நடத்தும் உணவுச்சாலை, இவை பெரும்பாலும் பெயரின்றியே நிற்கும். அவற்றின் ஆண்டை எண்ணுமுன் அவற்றின் அடுப்பை நோக்குமின். தீ தாழ்ந்திருக்குமாயின், அருகிற் கிடக்கும் விறகில் ஒன்றை எடுத்துத் தள்ளுமின். அவ்வொன்றினால், முன் சென்றார் யாவரையும் நீவிர் போற்றினவராவீர். பின் வருவார்க்கும் தீ எஞ்சும்.